உங்களுக்குத் தெரியுமா? மனம் தடம் புரளும் முதல் தடவை

சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி பற்றியெல்லாம் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் துணுக்கு கிடைக்கும். இந்த முறை, வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் பேசப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். யாருமில்லாத அறையில் குரல் கேட்பது, தெருவே தன்னைக் கண்காணிக்கிறது என்று உறுதியாக நம்புவது, பேச்சு கோர்வை இழப்பது என வரும் நிலையை டாக்டர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள், தமிழில் மனப்பிறழ்வு. அது முதல் தடவை வந்தால் என்ன நடக்கிறது, அதிலிருந்து எப்படி மீள்கிறார்கள் என்பது பற்றி மட்டும் இங்கே.

100-க்கு 3

ஃபின்லாந்தில் நாடு முழுக்க எடுத்து 2007-இல் வெளியான ஆய்வின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது மனப்பிறழ்வுக்கு ஆளாகிறவர்கள் 100-க்கு 3 பேருக்குச் சற்று மேல். மனச்சிதைவு எனப்படும் ஸ்கிஸோஃப்ரினியா அதில் ஒரு பகுதிதான். இருதுருவக் கோளாறு, கடும் மனச்சோர்வு, போதைப்பொருள், உடம்பில் ஒளிந்திருக்கும் வேறு நோய் என்று மற்ற காரணங்களும் உண்டு. அதனால்தான் முதல் தடவை வந்தவரின் சீட்டில் நோயின் பெயரை எழுத நல்ல டாக்டர்கள் அவசரப்படுவதில்லை. உறவினர்கள்தான் அவசரப்படுவார்கள்.

முதலில் போவது தூக்கம்

குரல் கேட்பது பெரும்பாலும் கடைசியில்தான். அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பே தூக்கம் கெடும், மார்க் இறங்கும், குளியல் தள்ளிப்போகும், நண்பர்களின் போனை எடுக்கமாட்டார்கள். பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் அதிகம் வருவதால் இதையெல்லாம் 'வயசுக் கோளாறு', 'காதல் தோல்வி', 'பரீட்சை டென்ஷன்' என்று எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் அர்த்தம்

இந்தியாவில் பிறந்த மனநல ஆய்வாளர் ஷிதிஜ் கபூர் 2003-இல் ஒரு விளக்கம் தந்தார். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நமக்குச் சுட்டிக்காட்டும் வேலையை மூளையில் டோபமைன் செய்கிறது. அது கண்டபடி சுரக்கும்போது பஸ் டிக்கெட்டின் எண், எதிர்வீட்டுக்காரர் இருமுவது, டி.வி. செய்தியாளரின் சிரிப்பு எல்லாமே தனக்கென்று அனுப்பப்பட்ட சேதியாகத் தோன்றும். ஏன் இப்படித் தோன்றுகிறது என்று அந்த மனமே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். அந்தக் கதைதான் நமக்கு வெளியே தெரிகிற பிரமை. மருந்து கதையை அழிப்பதில்லை. புதிய சேதிகள் வருவதைத்தான் குறைக்கிறது. பழைய நம்பிக்கை கரைய நாளாகும். 'மாத்திரை போட்டு ஒரு மாசம் ஆச்சு, இன்னும் அதையே சொல்றானே' என்று பதறும் வீட்டார் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி சண்டை குறையும்.

74 வாரம்

அறிகுறி தொடங்கியதற்கும் சரியான சிகிச்சை தொடங்கியதற்கும் நடுவே கழிந்த காலத்தை உலகெங்கும் கணக்கெடுக்கிறார்கள். அமெரிக்காவில் 21 மாநிலங்களில் 34 மருத்துவ மையங்களில் 404 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. அதில் அந்த இடைவெளியின் நடுமதிப்பு 74 வாரம். ஏறக்குறைய ஒன்றரை வருடம். அது குறைவாக இருந்தவர்களுக்குத்தான், அந்த ஆய்வு சோதித்த, பலர் ஒரு குழுவாகச் சேர்ந்து தரும் சிகிச்சையின் பலன் கூடுதலாகக் கிடைத்தது.

செய்தித்தாளில் விளம்பரம் போட்டால் நோய் குறையுமா?

நோய் குறையாது, தாமதம் குறையும். நார்வேயின் ஸ்டாவங்கர் நகரை மையமாகக் கொண்ட ரோகலான் பகுதியில் 1997 முதல் இதைச் செய்து பார்த்தார்கள். பத்திரிகை, ரேடியோ, சினிமாக் கொட்டகை என எங்கும் அறிகுறிகளை விளக்கும் விளம்பரம். பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப டாக்டர்களுக்கும் பயிற்சி. யார் வேண்டுமானாலும் நேரே கூப்பிடலாம், தாமதமின்றி வந்து பார்க்க ஒரு குழு. தாமதத்தின் நடுமதிப்பு 5 வாரத்துக்கு வந்தது. பிறகு விளம்பரத்தை நிறுத்தினார்கள். குழு மட்டும் அப்படியே இருந்தது. தாமதம் 15 வாரத்துக்கு ஏறிவிட்டது! புகை பிடிக்காதே என்று ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் காட்டும் நம் ஊரில், இதற்கு ஒரு முப்பது விநாடி ஒதுக்கினால் என்ன?

இங்கிலாந்தில் 2016-இலிருந்து இதற்கு ஓர் இலக்கே இருக்கிறது. முதல் மனப்பிறழ்வு என்று சந்தேகித்து அனுப்பப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்காவது இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

மனசுக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை?

தைராய்டு, பி12 குறைபாடு, மூளைத்தொற்று, வேறு நோய்க்கு எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே மனப்பிறழ்வாக வேஷம் போடக்கூடியவை. 2007-இல் ஹோசே டல்மாவ் குழுவினர் இன்னொன்றையும் அடையாளம் கண்டார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் மூளையழற்சி அது, இளம்பெண்களுக்கு அதிகம். நியூயார்க் பத்திரிகையாளர் சுசன்னா கஹலனுக்கு 2009-இல் வந்தது இதுதான். கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார் டாக்டர். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே அடைத்து வரைந்தார் கஹலன். இது வெறும் மனநோய் இல்லை, மூளையின் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது என்பதற்கு அந்தப் படமே துப்பானது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சிகிச்சையில் அவர் முழுதாக மீண்டு புத்தகமும் எழுதிவிட்டார்.

'சன்னி கண்டுவிட்டது'

பிரசவித்த ஆயிரம் பெண்களில் ஒருவருக்கோ இருவருக்கோ முதல் இரண்டு வாரத்துக்குள் மனப்பிறழ்வு வருகிறது. கிராமத்தில் சன்னி என்பார்கள். தாமதமே கூடாத அவசரநிலை இது. ஆனால் நன்றாகக் குணமாகும் வகையும் இதுதான். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதிக்கும் வார்டு இருக்கிறது.

கஞ்சா

'மூலிகைதானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 ஊர்களில் முதல் மனப்பிறழ்வு வந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். தினமும் இழுப்பவர்களுக்கு வாய்ப்பு மூன்று மடங்கு. அதுவும் வீரியம் கூடிய ரகம் என்றால் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

மயக்க மருந்து தேடியவரின் கண்டுபிடிப்பு

மனப்பிறழ்வுக்கு முதல் நவீன மருந்தான குளோர்புரோமசினைக் கவனித்துச் சொன்னவர் மனநல டாக்டர் அல்ல. ஆன்ரி லபோரி என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர். ஆபரேஷன் அதிர்ச்சியைக் குறைக்க எதையோ தேடியவர், இந்த மருந்து போட்ட நோயாளிகள் தூங்காமலேயே எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் இருப்பதைப் பார்த்தார். 1952-இல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் அதை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உலகெங்கும் மனநல விடுதிகளின் சத்தம் அடங்கத் தொடங்கியது அப்போதுதான்.

அதற்கு இருபது வருடம் முன்பே, 1930-களின் தொடக்கத்தில், கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காளிகள் சர்ப்பகந்தா வேர் பித்தையும் ரத்தக்கொதிப்பையும் தணிப்பதாக மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அதே வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டதும் 1952-இல்தான். மனச்சோர்வைக் கொண்டுவரலாம் என்ற அச்சத்தாலும் மேலான மருந்துகள் வந்ததாலும் அது ஒதுங்கிப்போனது. வேரை வாங்கிக் காய்ச்சிக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

குறைந்த டோஸே போதும்

பல வருடம் நோயோடு இருப்பவரைவிட, முதல் தடவை வந்தவருக்குக் குறைந்த அளவு மருந்திலேயே பலன் தெரியும். பக்கவிளைவும் அவருக்குத்தான் சீக்கிரம் தெரியும். பலனின் தொடக்கம் முதல் இரண்டு வாரத்திலேயே தென்படும்.

எப்போது நிறுத்தலாம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. அறிஞர்களும் அடித்துக்கொள்ளும் கேள்வி. நியூயார்க்கில் முதல் தடவை வந்து குணமானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999-இல் வந்தது. ஐந்து வருடத்துக்குள் 100-க்கு 82 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அப்படியானால் நிறுத்தவே கூடாதா? 2013-இல் நெதர்லாந்திலிருந்து வேறு சேதி வந்தது. 103 பேரை ஏழு வருடம் கழித்துத் தேடிப் பார்த்ததில், கவனமாக டோஸைக் குறைத்துப் பார்த்த குழுவில் 40 சதவீதம் பேர் வேலை, உறவு எல்லாவற்றிலும் மீண்டிருந்தார்கள். அப்படியே தொடர்ந்த குழுவில் 18 சதவீதம்தான். குறைப்பதே நல்லது என்று பலர் கொண்டாடிய வேளையில், 2018-இல் ஹாங்காங் குறுக்கே வந்தது. அங்கே 178 பேரில் பாதிப்பேருக்கு, முதல் வருடம் முடிந்ததும் மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை. பத்து வருடம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் அந்தப் பக்கம் 39 சதவீதம், மருந்தைத் தொடர்ந்தவர்கள் பக்கம் 21 சதவீதம்.

மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று தெளிவு. அவசரமாக, தானாக, ஒரே நாளில் நிறுத்துவதற்கு எந்த ஆய்வும் துணைக்கு வராது. குணமான பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். அதன் பின் குறைப்பதென்றால் மாதக்கணக்கில், டாக்டரும் வீட்டாரும் கண்காணிக்க, படிப்படியாக. ஆனால் 'வாழ்நாள் முழுக்கப் போடணும்' என்று முதல் நாளே ஓ.பி.யில் சொல்லி அனுப்புவதும் எனக்கு ஒப்பவில்லை. எவ்வளவு காலம், ஏன் என்று கேட்கும் இளைஞனுக்கு அந்தப் பதில் போதாது. பதில் கிடைக்காதவன்தான் மாத்திரையைத் தொட்டியில் போடுகிறான்.

எடை

முதல் சில மாதங்களிலேயே ஐந்து, பத்து கிலோ ஏறிவிடுவதுண்டு. எல்லா மருந்தும் ஒரே அளவு ஏற்றுவதில்லை. தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் குறித்துவைக்கச் சொல்ல வேண்டும். ஏறினால் மருந்தை மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம். இருபது வயதுப் பெண் 'குண்டாயிட்டேன்' என்று அழுவதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கினால், அவர் நிறுத்தப்போவது சாப்பாட்டை அல்ல, மாத்திரையை.

காபியும் சிகரெட்டும்

சிகரெட் புகை கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, குளோசபின், ஒலன்சபின் என்ற மனப்பிறழ்வு மருந்துகள் இரண்டையும் ரத்தத்திலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. ஆகவே மருத்துவமனையில் புகைக்க முடியாமல் இருந்தபோது சரியாக இருந்த டோஸ், வீட்டுக்கு வந்து பாக்கெட் பிரித்ததும் போதாமல் போகலாம். திடீரென்று சிகரெட்டை விட்டால் அதே டோஸ் அதிகமாகிவிடலாம். விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். காபி இதற்கு நேர்எதிர்: நிறையக் குடித்தால் குளோசபின் அளவு ரத்தத்தில் ஏறும். கும்பகோணத்துக்காரர்கள் கவனிக்க.

ஒரு டாக்டர் போதாது

1992-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பேட்ரிக் மெக்கோரி முதல் தடவைக்காரர்களுக்கென்றே தனி மையம் தொடங்கினார். அதுவரை பதினெட்டு வயதுப் பையனும் இருபது வருடம் விடுதியில் கழித்தவரும் ஒரே வார்டில். 'என் எதிர்காலம் இதுதானா' என்று பார்த்துப் பயந்தே பலர் ஓடினார்கள். தனி மையத்தில் குறைந்த டோஸ், ஒருவருக்கு ஒரு பொறுப்பாளர், உளவியல் சிகிச்சை, வீட்டாருக்கு வகுப்பு, படிப்பையும் வேலையையும் விட்ட இடத்தில் பிடிக்க உதவி. இந்த அமைப்பைத்தான் பின்னால் டென்மார்க், இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா எல்லாம் எடுத்துக்கொண்டன. மெக்கோரி 2010-இல் 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' ஆனார். ஒரு மனநல டாக்டருக்கு இப்படி ஒரு பட்டம் நம் ஊரில் எப்போது?

கூடாரம் போட்ட குடும்பங்கள்

மனநோயாளியை விட்டுவிட்டு வீட்டார் போய்விட வேண்டும் என்பதுதான் ஒருகாலத்தில் எங்கும் வழக்கம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் அதைத் தலைகீழாக்கினார். வளாகத்துக்குள் கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்தார். அவர்களைக் கூட்டிவைத்து நோயைப் பற்றிப் பேசினார். 1957-இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பம் உடன் தங்குவதுதான் முறை. உலகம் 'குடும்பப் பங்கேற்பு' என்று இன்று மாநாடு போடுவதை, நோயாளியைக் கவனிக்க ஆளில்லாத குறையினால் நாம் அன்றே செய்துவிட்டோம்.

வாரம் 35 மணி நேரம்

குடும்பம் மருந்தாகும், குடும்பமே நோயைத் திருப்பிக் கூப்பிடவும் செய்யும். 1950-களின் கடைசியில் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியேறிய ஆண்களில் பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள், வாடகை அறைக்குப் போனவர்களைவிட அதிகமாகத் திரும்பி வருவதைக் கண்டு திகைத்தார். என்ன காரணம் என்று வீடு வீடாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். காரணம் பாசமின்மை அல்ல. குறை சொல்லிக்கொண்டே இருப்பதும், பொத்திப் பொத்திப் பாதுகாப்பதும். 'எத்தனை நாளைக்குடா இப்படியே படுத்துக் கிடப்ப?' என்பது முதல் வகை. 'நீ ஒண்ணும் செய்ய வேணாம்டா கண்ணா, அம்மா ஊட்டிவிடறேன்' என்பது இரண்டாவது.

1976-இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃப்பும் இதில் ஒரு அளவும் கண்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்து, மருந்தும் எடுக்காதவர்களில் ஒன்பது மாதத்துக்குள் 100-க்கு 92 பேருக்கு நோய் திரும்பியது. சிறிய குழு என்றாலும் வித்தியாசம் சிறியதல்ல. பிறகு இதே அளவுகோலைச் சண்டிகருக்குக் கொண்டுவந்தார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் 54 சதவீத உறவினர்கள் இந்த 'கொதிநிலை'யில் இருந்தார்கள். சண்டிகரில் 23 சதவீதம்தான். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் திட்டினால் இன்னொருவர் அணைத்துக்கொள்வார் என்பது அன்றைய விளக்கம். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் மூன்று பேர் மட்டும் இருக்கும் இன்றைய வீடுகளுக்கு அந்த 23 பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம்தான். நோயாளி ஒரு மணி நேரம் நூலகத்துக்கோ தோட்டத்துக்கோ போவது அவருக்கு மட்டும் சிகிச்சை என்று நினைக்காதீர்கள், அம்மாவுக்கும்தான்.

சென்னையும் மாண்ட்ரியலும்

முதல் மனப்பிறழ்வு வந்தவர்கள் சென்னையில் 168 பேர், கனடாவின் மாண்ட்ரியலில் 165 பேர். இரண்டு வருடம் ஒரே மாதிரி சிகிச்சை. சென்னையில் நடத்தியது ஸ்கார்ஃப், அங்கே மெக்கில் பல்கலைக்கழகம். 2020-இல் வந்த முடிவு: குரல், பிரமை போன்றவை அடங்கியதில் இரு ஊருக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் சோம்பிக் கிடப்பது, யாரோடும் பேசாமல் ஒடுங்குவது போன்ற, மருந்து எளிதில் தொடாத அறிகுறிகள் தணிந்ததில் சென்னை முந்தியது. சென்னைக் குடும்பங்கள் சிகிச்சையில் கூடவே இருந்ததை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள்.

ஸ்கார்ஃப் என்றால்?

சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனம். மங்களூரில் 1923-இல் பிறந்த அவர் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியவர். அது 1794-இல் தோன்றிய மருத்துவமனை! 1992-இல் பத்மபூஷண் பெற்றார். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார்.

1980-களின் தொடக்கத்தில் மெட்ராஸில் முதன்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரைத் தேர்ந்து, இருபத்தைந்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இந்த வட்டத்தினுடையதுதான். டாக்டர் ஆர். தாரா முன்னின்று நடத்தினார். பத்து வருடம் கழித்துச் சந்திக்க முடிந்த 76 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நல்ல நிலையில் இருந்தார்கள்.

'கல்யாணம் பண்ணா சரியாயிடும்'

ஆகாது. மருந்தை மறைத்துச் செய்த கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரை, அடுத்து கெடுவது தூக்கம். மனச்சிதைவோடு மணவாழ்வும் முறிந்த 76 பெண்களைப் பற்றித் தாராவும் சகாக்களும் 2003-இல் எழுதியதில் தெரிவது, பெரும்பாலோர் திரும்பி வந்து விழுந்தது வயதான பெற்றோர் மடியில்தான் என்பது. குணமாகி, நோயைச் சொல்லி, தெரிந்தே சேர்ந்து வாழும் தம்பதிகள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அது வேறு.

சென்னையில் குரல் என்ன சொல்லும்?

ஸ்டான்ஃபோர்டின் மானிடவியலாளர் டான்யா லூர்மன், கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய ஊர்களில் தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரலைப் பற்றிக் கேட்டார். அமெரிக்கர்களின் குரல்கள் வன்முறை பேசின. முகமறியாத அந்நியர் குரல். அக்ராவில் பலருக்குக் கடவுள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல். குளி, வீட்டைக் கூட்டு, கடைக்குப் போ என்று அதட்டும் குரல். சித்தியும் மாமியாரும் அங்கேயும் விடவில்லை! சிரிப்பு வந்தாலும் விஷயம் பெரியது: மூளையில் கோளாறு ஒன்றே என்றாலும், குரல் என்ன பேசுகிறது என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

குரலோடு பேசிப் பார்க்கும் சிகிச்சையும் உண்டு. மேலே சொன்ன ஜூலியன் லெஃப், ஓய்வு பெற்ற பிறகு 2008-இல் யோசித்தது. நோயாளி தன்னை மிரட்டும் குரலுக்கு ஒரு முகத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவார். அடுத்த அறையிலிருந்து சிகிச்சையாளர் அந்த முகமாகப் பேசுவார். நோயாளி எதிர்த்துப் பேசப் பேச, முகம் பணிந்துகொண்டே வரும். 150 பேரிடம் நடந்த சோதனையில் 12 வாரத்தில் சாதாரண ஆலோசனையைவிட இது மேலாக இருந்தது. 24 வாரத்தில் ஆலோசனை பெற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

புயல் ஓய்ந்த பின்

குரல் அடங்கிய சில வாரங்களில் பலருக்கு ஆழ்ந்த சோர்வு வரும். நடந்ததெல்லாம் அப்போதுதான் உறைக்கும்: தெருவில் கத்தியது, நண்பனைச் சந்தேகித்தது, நின்றுபோன கல்லூரி. முதல் ஒன்றிரண்டு வருடத்தில் தற்கொலை அபாயம் கூடுதல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'இப்பதான் நல்லாயிட்டானே, ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கான்' என்று கேட்கும் கட்டத்தில்தான் டாக்டரை அடுத்த முறை சீக்கிரமே பார்க்க வேண்டும்.

முதலில் வேலை, பிறகு பயிற்சி

கூடை பின்னவும் மெழுகுவத்தி செய்யவும் வருடக்கணக்கில் பழக்கி, 'தயாரான' பிறகு வேலைக்கு அனுப்புவது பழைய முறை. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபரா பெக்கரும் இதைப் புரட்டிப் போட்டார்கள். விரும்பிய நிஜ வேலையில் உடனே சேர்த்துவிடு, பயிற்சியும் ஆதரவும் அங்கேயே கொடு. வேலையில் அமர்ந்தவர்கள் எண்ணிக்கை பழைய முறையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

கோயிலும் தர்காவும்

தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை நிம்ஹான்ஸ் டாக்டர்கள் அளந்து பார்த்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. சடங்கு பெரிதாக ஒன்றுமில்லை. அமைதியான இடம், எளிய வேலை, திட்டாத மனிதர்கள், கூடவே ஒரு உறவினர். அதற்கு முந்தைய வருடம்தான், 2001 ஆகஸ்ட் 6 விடியலில், ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட வழியின்றிச் செத்தார்கள். நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். பூட்டுதான் குற்றவாளி. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே அரசு 'தவா–துவா' திட்டம் கொண்டுவந்தது: துவா என்ற பிரார்த்தனையும் நடக்கட்டும், தவா என்ற மருந்தும் உள்ளே போகட்டும்.

சட்டம் சொல்வது

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை தருவதையும். உடல்நோய்க்குத் தரும் இன்சூரன்ஸை மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாதது இது: தெளிவாக இருக்கும்போதே, 'மறுபடி வந்தால் எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், எனக்காக இவர் முடிவெடுக்கட்டும்' என்று எழுதிவைக்கலாம். உயில் போலத்தான், உயிரோடு இருக்கும்போதே நடைமுறைக்கு வரும்.

படத்தில் காட்டியது பொய்

கணித மேதை ஜான் நாஷ் பற்றிய படத்தில் அவர் புதிய மருந்துகள் எடுப்பதாக ஒரு வசனம் வரும். 1970-க்குப் பிறகு அவர் மருந்தே எடுக்கவில்லை. படத்தில் வரும் மனித உருவங்களும் அவருக்குத் தெரிந்ததில்லை. அவருக்கு இருந்தவை பிரமையும் குரலும்தான். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த நினைப்பவர்களுக்கு இன்னொரு பெயர்: எலின் சாக்ஸ். மாணவியாக இருந்தபோதே மனச்சிதைவு வந்து, மருந்தை விட்டு விட்டுப் பார்த்து ஒவ்வொரு முறையும் சரிந்து, தொடர்ந்து எடுத்த பிறகு நிலைத்தவர். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 2009-இல் மெக்கார்தர் விருது பெற்றார்.

டிஸ்சார்ஜ் நாளில் கேட்க வேண்டியவை

மருந்தின் பெயர், டோஸ், எதற்காக. கை நடுங்கினால், உட்கார முடியாமல் தவித்தால் என்ன செய்வது. எடை, சர்க்கரை அடுத்து எப்போது பார்ப்பது. இவருக்கு நோய் திரும்புவதற்கான முதல் அறிகுறி எது; ஒவ்வொருவருக்கும் அது வேறு, சிலருக்குத் தூக்கம், சிலருக்கு ஓயாமல் கோயிலுக்குப் போவது. நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கேள்விக்குப் பதில்: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.